உப்பளத்தில் ஏலக்காய்

சந்திரவல்லி டீச்சர் துணைப்பாடம் நடத்துகிறார் என்றால் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் தன் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நிற்பார். கட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எழுபதுகளில் போடியில் படித்த பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீச்சர் சிலமலையில் தோட்டம் துரவோடு வாழ்ந்த வீட்டில் பிறந்தவர். போடியிலேயே வாழ்க்கைப்பட்டு, பஸ்சுக்கு அலையாமல் நடந்தே வேலைக்குப் போய்வருகிற கொடுப்பினையும் அவருக்கு இருந்தது. நல்ல குரல். கதையில் கிழவர் பேசினால் கிழவராகவே இருமுவார். கையில் புத்தகம் இருக்கும், ஆனால் அதைப் பார்க்க மாட்டார்.

பிள்ளைகளும் பார்க்க மாட்டார்கள். டீச்சர் சொல்லும்போது புத்தகம் எதற்கு? வருடக் கடைசியில் அந்தத் துணைப்பாடப் புத்தகங்கள் மடிப்புக்கூடக் கலையாமல் அடுத்த வகுப்புக்குப் பாதி விலையில் கை மாறும். இதில் டீச்சருக்கு வருத்தமா என்றால், பெருமைதான். என் பிள்ளைகளுக்கு எல்லாம் காதிலேயே ஏறிவிடும் என்று மற்ற டீச்சர்களிடம் சொல்லிக்கொள்வார். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வருடா வருடம் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

எழுபத்தொன்பதில் பத்தாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக வந்தது ஒரு நாவலின் சுருக்கம். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்து, வெள்ளை வெயிலில் கண்ணைப் பறிகொடுத்த ஒரு அப்பா. கப்பலேறிப் பிழைக்கப்போன மகன். மகன் திரும்பி வருவதற்குள் அப்பா செத்துப் போகிறார். அந்தச் சாவைப் புத்தகம் இரண்டே வரியில் முடித்திருந்தது. ஐப்பசியில் தந்தை காலமானார், மகனுக்குத் தகவல் தாமதமாகத்தான் எட்டியது, அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இடத்தை நடத்தியபோது வகுப்பே கொட்டாவி விட்டது. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்ட மனுசரை இரண்டு வரியிலா கொல்வது என்று, சாவுக்கு முன்னால் ஒரு காட்சியைத் தானாகவே சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

கிழவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. அம்மா கடைசிப் பால் ஊற்ற வருகிறாள். வீட்டில் கிடந்த ஏலக்காயைத் தட்டிப் பாலில் போட்டிருக்கிறாள். கப்பலேறுவதற்கு முன் மகன் ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்கினவன், அவன் சட்டையிலே எப்போதும் அந்த வாசம்தான். கண் தெரியாத கிழவர் பால் வாசத்தை முகர்ந்து, யாரு, பெரியவன் வந்துட்டானா என்று கேட்கிறார். ஆமா, வந்துட்டான் என்கிறாள் அம்மா. கிழவர் பாலை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

ஏலக்காயை நம்பிப் பிழைக்கிற போடியில் பாதி வீட்டில் அப்பாவின் சட்டையும் அம்மாவின் சேலையும் அந்த வாசம்தான். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். டீச்சரும் அழுதார். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. இது நான் சேர்த்தது என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஆனால் அழுகிற பிள்ளைகளிடம் அதைச் சொல்ல டீச்சருக்கு மனசு வரவில்லை. பிறகு திருப்புதல் வகுப்பிலும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் நயமாக.

அந்த வகுப்பில் வேலுத்தாய் என்றொரு பெண். அப்பா இல்லை. அம்மா அய்யம்மாள் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவள். பறிப்புக் காலம் வந்தால் வேலுத்தாயும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எஸ்டேட்டில் போய்த் தங்கிவிடுவாள். அதனால் இலக்கணம் ஏறவில்லை, செய்யுள் மனப்பாடமும் நிற்கவில்லை. ஆனால் மலைக்குப் போகும்போது துணைப்பாடத்தை மட்டும் துணிக்குள் சுருட்டிக் கொண்டுபோவாள். பாஸானா மேல படி, இல்லேன்னா எங்கூட மலைக்கு வா என்று அம்மா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள். வேலுத்தாய்க்கு மேலே படிக்க வேண்டும். தமிழ் இரண்டாம் தாளில் அந்தக் கதையைத்தான் அவள் மலையாக நம்பியிருந்தாள். திருப்புதல் வகுப்பில் ஏலக்காய்ப் பால் காட்சியைக் கேட்டபோது அவள் மட்டும் அழாமல் டீச்சரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று டீச்சர் அவளைக் கேலி பண்ணினார்.

பரீட்சையில் கேள்வியும் அங்கிருந்தே வந்தது. தந்தையின் இறுதிக் காலத்தை விவரித்து எழுதுக.

கோடை விடுமுறையில் டீச்சர் மதுரைக்கு விடைத்தாள் திருத்தப் போனார். பெரிய ஹால், நீள மேசைகள், கட்டுக் கட்டாகத் தாள்கள். சொந்த ஊர்த் தாள் சொந்த ஊர்க்காரர் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது என்பதுதான் முறை. அந்த வருடம் போடிக் கட்டு எங்கேயோ மாறி வந்துவிட்டது. டீச்சர் கைக்கு வரவில்லை, பக்கத்து மேசைக்கு வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஆசிரியர் ஒரு தாளைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உப்பளத்துல ஏலக்காய் எங்கேய்யா மொளச்சது என்று கேட்டு, சத்தமாக வாசித்தும் காட்டினார். ஹாலே சிரித்தது. அடுத்த தாளிலும் அதே ஏலக்காய், அதே பால், பெரியவன் வந்துட்டானா என்ற அதே கேள்வி. மூன்றாவது தாளை அவர் தூக்கிப் பிடித்தபோது, இடது பக்கம் சாய்ந்த அந்த எழுத்து வேலுத்தாயுடையது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று அவரும் சிரித்தார்.

தலைமைத் தேர்வாளர் ராஜாராம் எழுந்து வந்தார். கறார்ப் பேர்வழி, ஆனால் நியாயஸ்தர். தாள்களைப் புரட்டிப் பார்த்தார். புத்தகத்தில் இல்லாத ஒரே காட்சியை இத்தனை பேர் எழுதினால் அது துண்டுச் சீட்டு வேலைதான், அந்தக் கேள்விக்குச் சைபர் போடுங்கள் என்றார். பிறகு ஏதோ யோசனை வந்தவராக நிமிர்ந்தார்.

“நடத்துனவங்களே இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா பிள்ளைக மேல தப்பில்ல. பாதி மார்க்காவது போடலாம். ஏலக்காயைப் பார்த்தா போடிப் பக்கம் மாதிரி இருக்கு. இங்க போடிக்காரங்க யாரும் இருக்கீங்களா?”

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். எழுந்து நின்று, நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். இரண்டு நிமிடம் சிரிப்பார்கள், மத்தியானச் சாப்பாட்டில் கிண்டல் பண்ணுவார்கள், முகாம் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதற்குக்கூட டீச்சருக்குத் தைரியம் இல்லை. ஜன்னலோரம் வந்து நிற்கிற கணக்கு வாத்தியார் காதுக்கு இது போனால் என்னாவது என்றுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

“நான் போடிதான் சார். ஆனா இது எங்க பிள்ளைக இல்ல” என்றார்.

அது போதாது என்று, புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லையே சார் என்று வேறு சேர்த்துக்கொண்டார். ராஜாராம் தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்து மேசையில் சிவப்பு மை வரிசையாகச் சைபர் போட்டுக்கொண்டே போனது. டீச்சர் தன் கட்டைத் திருத்தினார். அன்றைக்கு அவர் கையில் வந்த தாள்களுக்கெல்லாம் தாராளமாக மார்க் போட்டார். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

முடிவு வந்தபோது மற்றப் பிள்ளைகள் எப்படியோ தப்பித்துக் கரையேறிவிட்டார்கள். வேலுத்தாய் மட்டும் தமிழில் போய்விட்டாள். அந்தக் கேள்விக்குப் பாதி மார்க் விழுந்திருந்தால் அவளும் பாஸ். அய்யம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சர் முன்னால் நின்றாள். தமிழ்லயா போச்சு, கதப் புஸ்தகத்தத் தலமாட்டுல வச்சுத் தூங்குற பிள்ளையாச்சே டீச்சர் என்று கேட்டாள். அதில் குற்றச்சாட்டு இல்லை, அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அடுத்த தடவை எழுதட்டும் என்றார் டீச்சர். அடுத்த தடவை பரீட்சை வந்தபோது மலையில் பறிப்பு மும்முரம். அதற்கு அடுத்த தையில் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிற மாமன் மகனுக்கு வேலுத்தாயைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

முடிவு வந்த அந்த ஜூன் மாதம் டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும், இனிமேல் நான் கதை சொல்ல மாட்டேன் என்றார். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆளுக்கொரு பென்சில் எடுக்கச் சொன்னார். ஒரு பக்கம் படி, புத்தகத்தை மூடு, இனி என்ன நடக்கும் என்று நீயே சொல். சொன்னால் போதாது, ஏன் அப்படி நினைத்தாய், எந்த வரி உன்னை அப்படி நினைக்க வைத்தது? அந்த வரிக்குக் கோடு போடு. இந்தக் கதையை யார் சொல்கிறார்கள், அவர்களை முழுசாக நம்பலாமா? எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டார்? கற்பனை பண்ணு, நன்றாகப் பண்ணு, ஆனால் அதைத் தனியாக எழுதி, இது நான் நினைத்தது என்று மேலே போடு. யார் எதைச் சொன்னாலும் டீச்சர் கேட்கிற கேள்வி ஒன்றுதான், எந்தப் பக்கம்? நான் சொன்னாலும் நம்பாதீர்கள், புத்தகத்தைத் திறந்து பாருங்கள் என்பார். முதல் வருடம் பிள்ளைகள் முனகினார்கள். போகப் போக அவர்களே சண்டை போட ஆரம்பித்தார்கள். கதையில் வருகிற அண்ணன் நல்லவனா கெட்டவனா என்று பொட்டிபுரம் பஸ்சில் இரண்டு பெண்கள் புத்தகத்தை விரித்து வைத்துக் கட்டிப்புரண்டதாகக் கண்டக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். புத்தகங்கள் கிழிந்து, கோடு விழுந்து, அடுத்த வகுப்புக்கு விற்க லாயக்கில்லாமல் போயின.

பெயர் இன்னும் பெரிதாகப் பரவியது. புகழ் கூடக் கூட டீச்சருக்கு உள்ளே அரித்தது. ஞாயிற்றுக்கிழமை மலை ஜனங்கள் சாமான் வாங்க ஜீப்பில் இறங்குவார்கள். கூட்டத்தில் வேலுத்தாய் தலை தெரிந்தால் டீச்சர் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். கத்தரிக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. ஏன் வெறும் பையோடு வந்தாய் என்று கேட்கிற வீட்டுக்காரரிடமும் ஏதாவது பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்பத்தேழில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் தமிழாசிரியர்களையெல்லாம் கூட்டி, டீச்சர் எப்படி நடத்துகிறார் என்று காட்டச் சொன்னார்கள். கல்வி அதிகாரி பொன்னாடை போர்த்தி, இந்த முறை உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று மைக்கைக் கொடுத்தார். எல்லாம் என் பிள்ளைகள் கற்றுக்கொடுத்தது என்றார் டீச்சர். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. மேடையிலிருந்து இறங்கும்போது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் போடிமெட்டுக்குப் போகிற ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எஸ்டேட் லயத்தில், வரிசையாக நின்ற கூலி வீடுகளில் ஒன்றின் வாசலில் வேலுத்தாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் அரிசி சிதற எழுந்தாள். வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர், மலை ஏறி வந்தது தலை சுத்துதா டீச்சர் என்று அவளுக்குக் கை கால் ஓடவில்லை. உள்ளே போய்ப் பால் ஊற்றாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். லயத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான்தான் எல்லாம் படித்துச் சொல்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டீச்சர் நேராகவே ஆரம்பித்தார்.

“அந்த ஏலக்காய்ப் பால் புத்தகத்துல இல்ல வேலுத்தாயி. நானாக் கட்டிச் சொன்னது.”

வேலுத்தாய் சிரித்தாள். “அது தெரியும் டீச்சர். மலையில ஒக்காந்து மூணு தடவ படிச்சவளுக்கு அது தெரியாதா?”

“தெரிஞ்சா ஏன் எழுதுன?”

“அட்டையில சுருக்கம்னு போட்டிருந்துச்சே. சுருக்குனவுக விட்டுட்டாக, டீச்சர் முழுப் புத்தகத்தையும் படிச்சிருக்காகன்னு நெனச்சேன். எந்தப் பக்கம்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டா நீங்க சொன்னத நம்பலேன்னு ஆயிருமே டீச்சர், அதான் பேசாம இருந்துட்டேன்.”

வகுப்பில் ஒரே ஒருத்தி படித்திருக்கிறாள். யோசித்தும் இருக்கிறாள். அவளைத்தான் கல்நெஞ்சுக்காரி என்றோம். டீச்சருக்குத் தலை நிமிரவில்லை.

வேலுத்தாய்க்கு டீச்சரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலும். இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். நீங்க எங்க நல்லதுக்குத்தான சொன்னீக டீச்சர் என்றாள். மறுபடி உட்கார்ந்து முறத்தை எடுத்துக்கொண்டாள்.

“பேப்பர் திருத்துனவுகளத்தான் சொல்லணும். அங்கன ஒங்கள மாதிரி ஒருத்தர் இருந்திருந்தா எடுத்துச் சொல்லியிருப்பாக டீச்சர்.”

சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, கேட்காமலே கிடைத்துவிட்டது. கீழே ரோட்டில் திரும்புகிற ஜீப்பின் சத்தம்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது. டீச்சர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இருந்தேன்” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து மேசை, அவள் எழுத்தைப் பார்த்தது, சிரித்தது, ராஜாராம் கேட்டது, பாதி மார்க் போடலாம் என்றது, எங்கள் பிள்ளைகள் இல்லை என்று தான் சொன்னது. எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவும் இல்லை.

முறம் நின்றுவிட்டது. வேலுத்தாய் அன்றைக்கு வகுப்பில் பார்த்த மாதிரியே டீச்சரை உற்றுப் பார்த்தாள். டீச்சர் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார், அழுதாலும் நல்லது என்று நினைத்தார். அவள் எழுந்து வந்து, பாதி குடித்த கிளாஸை டீச்சர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“ஜீப்பு வெரசாப் போயிரும். ரோட்டுல போயி நில்லுங்க” என்றாள்.

வந்ததிலிருந்து வாய்க்கு வாய் டீச்சர் டீச்சர் என்றவள், அந்தச் சொல் இல்லாமலே பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.