சிசிலி சொல்லாமல் விட்ட வரி

நோர்வூட்டிலிருந்து வருகிற பஸ் திரும்பிப் போகும் முடக்கிலிருந்து இன்னும் மேலே ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டம். ஒரு காலத்தில் அங்கே வேதக்காரக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டாவது இருந்தன. அந்தோனியார் கோயில் சாவி றோலண்ட் வீட்டு ஆணியில்தான் தொங்கும். பாதர் பூசைக்கு வருவது மாதத்தில் ஒரு தடவை. மற்ற ஞாயிறுகளில் றோலண்டின் மனைவி சிசிலி முன்னால் முழந்தாளிட்டுச் செபத்தை எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் பின்னாலிருந்து சொல்லுவார்கள். கோயிலுக்கு மணி கிடையாது. அவள் குரல் கேட்டால் செபம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

றோலண்ட் செத்தது குளவி கொட்டி.

அன்றைக்கு அவன் கீழ் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். மேலே கொழுந்து எடுத்த பொம்பளைகள் மேல் குளவிக்கூடு கலைந்து விழுந்தது. கூச்சல் கேட்டு எல்லாரும் கீழே ஓடி வர, அவன் மட்டும் மேலே ஓடினான். பக்கத்து லயத்து வீட்டு வீரம்மா தேயிலைக்குள் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தாள். தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவி அவள் மேல் போர்த்தி, விளிம்புகளை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டான். ஆட்கள் புகை போட்டு உள்ளே போனபோது சாக்குக்குள் வீரம்மாவுக்கு உயிர் இருந்தது. றோலண்டின் முகம் அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் லொறியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

கட்டாரிலிருந்து மகன் டினேஷ் வந்தான், அடக்கத்துக்கு நின்றான், லீவு முடிந்து திரும்பிப் போனான். வந்தவர்கள் எல்லாரும் சிசிலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்டவருடைய சித்தம் என்று சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறும் அவள்தான் செபம் சொன்னாள். பரலோக மந்திரத்தில், உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்று வருகிற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் அந்த வரியைச் சொல்லி முடித்தார்கள். அடுத்த வரியில் அவள் சேர்ந்துகொண்டாள். அழுகையால் அப்படி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அழுகை நின்ற பிறகும், வருஷங்கள் போன பிறகும், அந்த வரியில் மட்டும் அவள் வாய் மூடியே இருந்தது. மனசுக்கு ஒப்பாததை ஆண்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது பொய் என்று அவளுக்குப் பட்டது. சொல்லாமல் விடுவது பாவமோ என்ற பயமும் கூடவே இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை அவள் பாதரிடம் சொல்லவில்லை.

வீரம்மாவிடம் அவள் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. முப்பத்தோராம் நாளுக்கு வீரம்மா கொண்டுவந்த சோற்றுச் சட்டியை வாங்கி, கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அதோடு சரி. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் வீரம்மா ஒரு பக்கம் நின்றால் சிசிலி மறுபக்கம் போய் நிற்பாள். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவள் இருக்கிறாள், அவர் இல்லை என்றுதான் நெஞ்சு கணக்குப் போட்டது.

பிறகு ஒரு பெருமழையில் கோயிலுக்குக் கீழே இருந்த லயங்களில் மண் பிளந்தது. அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேதக்காரக் குடும்பங்கள் அநேகமாக அந்த லயங்களில்தான் இருந்தன. சிலர் கொத்மலைப் பக்கம் சொந்தங்களிடம் போனார்கள், சிலர் கொழும்புக்குப் போனார்கள். மிச்சமிருந்த செல்லசாமி குடும்பமும் பிள்ளைகளின் படிப்பென்று அட்டனுக்கு இறங்கிவிட்டது. போகும்போது செல்லசாமியின் மனைவி, சிசிலியையும் வந்துவிடச் சொல்லி அழுதாள். புருஷனை இந்த மண்ணில் வைத்துவிட்டு எங்கே போவது என்று சிசிலி நின்றுகொண்டாள்.

தனியாகக் கோயிலைத் திறந்த முதல் ஞாயிறு நல்ல பனிமூட்டம். விளக்கேற்றி முழந்தாளிட்டுச் சத்தமாகவே தொடங்கினாள். அந்த வரி வந்தது. வாயை மூடினாள். பின்னால் யாரும் சொல்லவில்லை. கூரைத் தகரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. இத்தனை நாளும் மற்றவர்கள் தன்னைத் தூக்கி அந்த இடத்தைத் தாண்ட வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேலே சொல்ல முடியாமல் எழும்பிக் கதவைப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் கோயிலைத் திறப்பாள், கூட்டுவாள், சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். டினேஷ் போனில் கூப்பிட்டால் செபமெல்லாம் நடக்கிறது என்பாள்.

தவக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் மழைக்கு ஒதுங்க மலை உச்சிக் கொட்டகைக்குள் போனாள். உள்ளே வீரம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போக முடியாத மழை. சிசிலி வாசல் ஓரமாக நின்று முந்தானையைப் பிழிந்தாள். பிறகு சிசிலி, இத்தனை வருஷமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"அவரு கடைசியில என்ன சொன்னாரு வீரம்மா?"

சிசிலி கேட்கும்வரை சொல்லக்கூடாது என்று தான் நினைத்திருந்ததாகச் சொன்னாள் வீரம்மா. கேட்டால் மனசு நோகும் என்றாள். பரவாயில்லை, சொல்லு என்றாள் சிசிலி.

"அசையாதடி, செத்துருவடின்னு என்னைய வஞ்சாரு. அப்பறம் வலி தாங்காம, 'வேணாம் ஆண்டவரே, வேணாம்'னு கத்துனாருக்கா. குரல் போற வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

"ஓடப் பாக்கலியா?"

"கைய எடுக்கலக்கா. வேணாம் வேணாம்னாரு. சாக்குல இருந்து கைய மட்டும் எடுக்கல."

சிசிலி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். றோலண்டை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. வேண்டாம் என்று அவரும் சொல்லியிருக்கிறார். ஆண்டவரிடமே சொல்லியிருக்கிறார். சொல்லிக்கொண்டே அந்த இடத்தில் இருந்திருக்கிறார். வீரம்மா தொடலாமா என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சிசிலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மழை விட்டதும் இரண்டு பேரும் அவரவர் நிரைக்குப் போய்க் கொழுந்து எடுத்தார்கள்.

அந்த ஞாயிறு சிசிலி மந்திரத்தை முழுசாகச் சொன்னாள். சித்தம் என்ற இடம் வந்ததும் நின்று, "எனக்கு இது வேணாமாத்தான் இருந்துச்சு ஆண்டவரே, இப்பவும் வேணாமாத்தான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அந்த வரியையும் சொன்னாள். சில ஞாயிறுகளில் வரி வந்தது, சில ஞாயிறுகளில் வரவில்லை. வராத நாளில் வரும்வரை காத்திருந்தாள், அல்லது அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று எழும்பினாள். பயம் மட்டும் போய்விட்டது.

தனிமை போகவில்லை. வீரம்மா இப்போது பேசுவாள், பலகாரம் சுட்டால் கொண்டுவருவாள், ஆனால் அவளுக்கு அவள் மாரியம்மன் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். ஆமென் சொல்ல ஆளில்லாத கோயிலில் சிசிலி தனக்குத் தானே ஆமென் சொல்லிக்கொண்டாள்.

ஈஸ்டர் கழிந்து பாதர் வந்தார். ஒரே ஒருத்திக்காகப் பூசை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். இனி மாதாமாதம் வர வழியில்லை, திருநாளுக்கு மட்டும் வரலாம், இந்தக் கோயிலை மூடிவிட்டு அந்தோனியார் சுரூபத்தைக் கீழே கொண்டுபோகலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள் என்றார்.

"நீங்க திருநாளுக்கு வாங்க பாதர்," என்றாள் சிசிலி. "மத்த நாளைக்கு நான் இருக்கேன்."

பாதர் தலையை ஆட்டிவிட்டுப் புறப்பட்டார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை அவளும் இறங்கிப் போனாள்.