பட்டினி போட்ட தங்கமீன்கள்

நனைந்த வைக்கோல் வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு அந்த மீன்கள் ஞாபகம் வரும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு துரையின் பங்களாப் புழக்கடையில் ஒரு தொட்டி. அதில் துரைசாணி ஆசையாய் வளர்த்த ஏழு தங்கமீன்கள். மேலே என் நைனா பரப்பிய வைக்கோல். நைனா அங்கே தோட்டக்காரர். நாங்கள் குடியிருந்ததும் அந்தப் புழக்கடைக் குடிசையில்தான்.

ஐப்பசியில் தன் சீமைக்குக் கப்பலேறிய துரைசாணி, குளிர்காலத்தில் மீன்களைக் காப்பாற்றும் முறையைப் பட்லரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். தொட்டியை வைக்கோலால் மூட வேண்டும், தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டியைத் தட்டி உடைக்கக் கூடாது, அவள் பங்குனியில் திரும்பும்வரை ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. அவள் ஊரில் மீன்கள் பனிக்கட்டிக்கு அடியில் பசியே இல்லாமல் கிடக்குமாம். ஆம்பூரிலே பனிக்கட்டி! மார்கழி விடியலில் நமக்குப் பல் கிட்டிப்போகுமே தவிர, வெயில் ஏறினால் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். நைனாவோ தினமும் காலையில் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் பனி கட்டில, கட்டும்" என்பார். எழுதிக் கொடுத்தது தப்பாகாது என்று நம்பிய மனிதர்.

தை பிறக்குமுன்பே ஒரு மீன் வயிறு ஒட்டிச் செத்து மிதந்தது. குளிர்தான் காரணம் என்று நைனா இன்னும் இரண்டு கட்டு வைக்கோலைப் போட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மற்ற ஆறும் சுவரின் பாசியைச் சுரண்டித் தின்று தீர்த்திருந்ததை நான் பார்த்திருந்தேன்; பசிக்கும் குளிருக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? மத்தியானம் என் பங்குக் கேழ்வரகுக் களியில் கொஞ்சம் கிள்ளி, வைக்கோலை விலக்கிப் போட்டேன். ஆறும் பாய்ந்து வந்தன. பின்னாலேயே நைனாவும் வந்துவிட்டார்.

"இன்னாமே பண்ற? வேல போய்ட்டா எங்க போய் நிப்போம்? இந்த வூடும் போய்டும்!" என்று கையை ஓங்கியவர், தண்ணீருக்கு மேலே திறந்து திறந்து மூடிய ஆறு வாய்களைப் பார்த்தார். ஓங்கிய கை இறங்கிவிட்டது. "இன்னும் களி இருக்குதா?" என்றார்.

அதன்பின் பட்லர் கண்ணயரும் நேரம் பார்த்துத் தினமும் நைனாவே போட்டார். பட்லர் லேசாக இருமினாலும் எங்களுக்குத் திக்கென்றிருக்கும்.

பங்குனியில் துரைசாணி வந்தாள். வந்ததும் தொட்டியருகே நின்று, மீன்களுக்கு ஏதாவது போட்டாயா என்று பட்லர் மூலம் கேட்டாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற என் நைனா, "இல்லீங்க, ஒண்ணும் போடல" என்றபடி ஓரடி முன்னால் வைத்தார். அவர் நிழல் தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், ஆறு மீன்களும் முட்டிமோதி மேலே வந்து அவரைப் பார்த்து வாயைத் திறந்தன. பாவி மீன்களா! எனக்கு உயிரே போய்விட்டது.

துரைசாணி மீன்களைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், மெல்ல ஏதோ சொன்னாள்.

"நீ இன்னா போட்டேன்னு கேக்குறாங்க. நாளைக்கு அவங்களே போடுவாங்களாம்" என்றார் பட்லர்.

"கேவுரு களிங்க" என்ற நைனாவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்தப் பங்களா இப்போது இல்லை; தொட்டியைத் தூர்த்த இடத்தில் தோல் காயவைக்கும் கொட்டகை நிற்கிறது. நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். களி கிண்டும் நாட்களில் முதல் கவளத்தைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு சற்றே நிற்கிறேன். போட இடமில்லாமல் நானே தின்றுவிடுகிறேன்.