ஞாயிற்றுக்கிழமை ட்யூஷன் ஆராய்ச்சி

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். வளர்ச்சி, கல்வி, மதம் மூன்றும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. "மதத்துக்கும் எகனாமிக்ஸுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் யாராவது கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டால் எனக்குத்தான் சப்பென்று இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் எம்.ஏ. மாணவிகள் இருவர் சேர்ந்து என்னிடம் ப்ராஜெக்ட் செய்தார்கள். ஒருத்தி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கோயில் குருக்களின் மகள். இன்னொருத்தியின் அப்பா கோவிலம்பாக்கத்தில் சின்ன சபை ஒன்றின் போதகர். கோயில் மண்டபங்களிலும் சர்ச் ஹால்களிலும் சாயங்காலம் இலவச ட்யூஷன் நடக்கிறதே, எதற்கு அனுப்புவது என்று பெற்றோர் எப்படி முடிவு செய்கிறார்கள்? இதுதான் கேள்வி. அவரவர் மதத்து இடத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். போதகர் மகள் ஆராதனை முடிந்து வந்ததும், நான் குடியிருக்கும் சிட்லபாக்கத்திலேயே ஆரம்பித்தோம். தோளில் பையும் கையில் தாள்களுமாக மூன்று பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தட்டினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"நாங்க ஹிந்துஸ்மா, வேண்டாம்" என்றார் முதல் வீட்டுக்காரர், கேட்டைத் திறக்காமலே.

நெற்றியில் விபூதியோடு நின்ற குருக்கள் மகள் திகைத்துப்போனாள். "சார், நானும் ஹிந்துதான்."

"அப்போ கும்பாபிஷேக வசூலா? போன மாசமே கொடுத்தாச்சு" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த தெருவில் போதகர் மகளிடமே ஒரு பெரியவர், "எங்களுக்குன்னு சபை இருக்கும்மா, வேற சபைக்கு வர மாட்டோம்" என்றார். இன்னொரு வீட்டில் ஒரு பெண்மணி ஜன்னலுக்குள்ளிருந்தே கையை ஆட்டி மறுத்துவிட்டார். பேசியவர்கள் மிகச் சிலர்தான்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஓடி, ஜன்னலிலிருந்து கையாட்டியவரின் போர்ட்டிகோவிலேயே போய் நின்றோம். கதவு திறந்தது.

"ஐயோ, நனையாதீங்க. உள்ள வாங்க."

துண்டு கொடுத்தார், காப்பி கொடுத்தார். பிறகுதான், "ஆமா, நீங்கள்லாம் யாரு?" என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார். வங்கியில் வேலையாம். கூடத்துச் சுவரெல்லாம் சாமி படங்கள்; ஆனால் எட்டாவது படிக்கும் மகள் சர்ச் ஹாலுக்குத்தான் ட்யூஷன் போகிறாள். பிள்ளையார் கோயில் மண்டபம் அதைவிடக் கிட்டே இருக்கிறது. நான் என் கேள்விகளைக் கேட்டு முடித்தேன். எதிலும் காரணம் பிடிபடவில்லை.

போதகர் மகள் தாளை மடித்துவிட்டு, "ஆன்ட்டி, பாப்பாவைத் திரும்பக் கூட்டிட்டு வர்றது யாரு?" என்றாள்.

"நான்தான்மா. ஆபீஸ் விட்டு வர லேட்டாகும். மண்டபத்துல கிளாஸ் முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க. சர்ச் ஹால்லன்னா நான் வர்ற வரைக்கும் ஒரு டீச்சர் கூடவே உக்காந்திருப்பாங்க."

வெளியே வந்ததும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், இந்தக் கேள்வியைச் சேர்க்கணும்."

"பாதியில மாத்தினா ஏற்கெனவே பாத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போகணுமே!"

"போவோம் மேடம்" என்றாள் குருக்கள் மகள்.

போனோம். இந்த முறை கேட்டருகே நின்றதுமே அவள், "எதையும் விக்க வரலைங்க, யாரையும் மாத்த வரல, காலேஜ்லேர்ந்து வர்றோம்!" என்று உரக்கச் சொல்லிவிடுவாள். கதவுகள் திறந்தன. பிள்ளையை யார் அழைத்துவருகிறார்கள், அதுவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் பல வீடுகளில் முதலில் பார்த்திருந்தார்கள். அடுத்துப் போன ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இதே காரணத்துக்காக மகனைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. என் ஊகம் பெரும்பாலும் தப்பு. அன்று எனக்கு வந்த உற்சாகம், ஊகம் சரியாக இருந்த ஆய்வுகளில்கூட வந்ததில்லை.

துறைக் கருத்தரங்கில் இருவரும் மேடையேறினார்கள். "அப்படின்னா மதத்துக்கு இதுல பங்கே இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லை" என்றாள் போதகர் மகள்.

"இருக்கு" என்றாள் குருக்கள் மகள் அதே நேரத்தில். "ஒரு இடத்தை நம்பி குழந்தையை விடறாங்களே, அந்த நம்பிக்கை எங்கேர்ந்து வந்தது?"

அரங்கம் சிரித்தது. மைக்கை மாற்றி மாற்றி வாங்கி அங்கேயே வாதாடினார்கள். நடுவில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, தீர்ப்பு சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தார்கள். நான் முதல் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.