மேயர் தேர்தலன்று நான் பூத்தில் இருந்தேன்

ஓட்டுச்சாவடி வேலைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: காலையில் ஜனநாயகத்தைப் பற்றி நினைப்போம், மத்தியானத்துக்கு மேல் நம் முதுகைப் பற்றி மட்டும்தான். எண்பதுகளின் கடைசியில், சிட்டிசன்ஷிப் வாங்கிய கையோடு, நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் மேயர் தேர்தலில் நான் அந்த வேலை பார்த்தேன். பார்சிப்பனிக்குக் கொஞ்சம் தள்ளி, மூடிப்போன மில்கள் நிற்கும் சின்ன ஊர். ஃபயர் ஸ்டேஷனில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே மேஜை போட்டு எங்கள் நாலு பேரை உட்காரவைத்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் ரோஸ். எண்பது வயதுக்காரர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

மை எங்கே?

முதல் ஆளாக வந்தவர் பெயரைச் சொன்னார், கையெழுத்துப் போட்டார், திரைக்குப் பின்னால் போய் மெஷினின் லீவரை இழுத்தார், கிளம்பிவிட்டார். ஐ.டி. கேட்கவில்லை. விரலில் மை வைக்கவில்லை. வாசலில் லத்தியோடு ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. திருச்சியில் ஓட்டுப் போட்டுப் பழகிய எனக்குப் பகீரென்றது.

"ரோஸ், அவர் இன்னொரு பூத்துக்குப் போய் இன்னொரு தடவை போட்டுட்டா?"

ரோஸ் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவன் ஒரு தடவை வந்ததே பெரிசு. இன்னொரு தடவை வேற வருவானாக்கும்?"

பாய்லர்காரர்

க்யூவில் கடைசியாக ஒருவர் நின்றிருந்தார். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். போன குளிர்காலத்தில் எங்கள் பேஸ்மென்டில் மண்டிபோட்டு பாய்லரை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தவர். தெரிந்த முகமாயிற்றே என்று நானும் சிரித்தேன். மேஜைக்கு வந்து பெயரைச் சொன்னார். நான் பட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். மறுபடியும் போட்டி போடும் மேயர்! போஸ்டரில் கோட்டும் டையுமாக இருந்ததில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மேயர் சம்பளத்தில் குடும்பம் ஓடாது, அதனால் தொழிலை விடவில்லை என்று ரோஸ் பிறகு சொன்னார்.

மாலை இல்லை, ஜீப் இல்லை, 'வாழ்க' போட ஒரு ஆள் இல்லை. ஒரு நகரத்தின் மேயரை மண்டிபோட வைத்துவிட்டு, மேலே நின்றுகொண்டு டார்ச் அடித்திருக்கிறேன்! அவர் சொன்னார்: "உட்காருங்க மேடம். பாய்லர் இப்ப சத்தம் போடாம இருக்கா?"

ரோஸின் அப்பா

கூட்டம் இல்லாத நேரத்தில், "அந்தக் காலத்துல தேர்தல் எப்படி நடக்கும்?" என்று ரோஸைக் கேட்டேன். வானிலை சொல்வது போலச் சொன்னார். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா மில் விபத்தில் இறந்துபோனார். சில மாதத்தில் நகராட்சித் தேர்தல். அன்று சாயங்காலம் வார்டு தலைவர் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "அம்மா, கவலைப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் ஓட்டை ஒழுங்கா போட்டாச்சு" என்று சொல்லி, பெரிய பன்றித் தொடை இறைச்சி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"உங்க அம்மா சண்டை போடலையா?" என்றேன்.

"எந்த உரிமையில சண்டை போடுறது?" என்றார் ரோஸ். "அப்ப பெண்களுக்கு ஓட்டே கிடையாது. செத்துப்போன அப்பாவுக்கு இருந்தது, உயிரோட இருந்த அம்மாவுக்கு இல்லை."

ஆட்சேபணை

சிவராசா அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், அக்கவுன்டன்ட். அமெரிக்காவில் அவருக்கு அதுதான் முதல் ஓட்டு. கல்யாணத்துக்கு வருவது போல சூட் போட்டு, மனைவியையும் பட்டுச்சேலையில் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பேனாவைக் கையில் எடுத்ததும், சுவரோரம் உட்கார்ந்திருந்த எதிர் வேட்பாளரின் ஏஜென்ட் எழுந்தான். "ஆட்சேபிக்கிறேன். இவர் சிட்டிசன்தானா என்று சந்தேகமாக இருக்கிறது."

காலையிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவரையும் அவன் அப்படிக் கேட்கவில்லை. நாங்கள் நால்வரும் கை தூக்கித்தான் முடிவு சொல்ல வேண்டும். ரோஸ் வீட்டுப் புல்வெளியில் அந்த எதிர் வேட்பாளரின் போர்டு நட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ரோஸ் பின்னலைக் கீழே வைத்தார். ஏஜென்டை நேராகப் பார்த்துக்கொண்டே, "இவர் ஓட்டுப் போடட்டும்" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். மற்ற மூவரும் தூக்கினோம்.

திரைக்குப் பின்னால் போன அண்ணா வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "மனசுல வச்சுக்காதீங்க அண்ணா" என்றேன்.

"ஊரில நாங்கள் போட்ட வோட்டுப் பெட்டியளையே காணாமலாக்கினவங்கள் தங்கச்சி," என்றார். "இவன் கேள்விதானே கேட்டவன்?"

நாற்காலி

சாயங்காலம் மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து எண்களைப் படித்தோம். கொஞ்ச நேரத்தில் மற்ற பூத்துகளின் கணக்கும் ஃபோனில் வந்தது. மேயர் சொற்ப ஓட்டில் தோற்றுப்போயிருந்தார். கல் விழுமோ, கடை மூடுவார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேயரே வந்தார். ஜெயித்தவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் வருவதாகச் சொன்னார். பிறகு எங்களோடு சேர்ந்து நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தார்.

"வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றார். "ஆனா நாளைக்கு ரோட்டுல பள்ளம் விழுந்தா, ஜனங்க ஜெயிச்சவர் வீட்டுக்குத்தான் ஃபோன் பண்ணுவாங்க. என் பெண்டாட்டி நிம்மதியா தூங்குவா."

வீட்டுக்கு வந்து, "நீ யாருக்குப் போட்டே?" என்று கணவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: நாள் முழுக்க ஊரையே ஓட்டுப் போட வைத்த நான், என் ஓட்டைப் போடவே இல்லை.