எந்த போனையும் வைக்காதவர்

என் அத்தானுக்கு ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும். மனை வேண்டுமா, கடன் வேண்டுமா, முழங்கால் வலிக்கு எண்ணெய் வேண்டுமா. ஒன்றையும் பாதியில் வைக்க மாட்டார். கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்ப வேண்டாம்மா. ஆனா திரும்பக் கூப்பிடு" என்பார். இளிச்சவாயர் என்று போனில் விற்பவர்களுக்குள் பேர் பரவி, நாற்பது அறுபதானது.

அவர் லிப்ட் மெக்கானிக். நானும் அதே கம்பெனிதான். லிப்ட் குழிக்குள் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று மொட்டைமாடி மோட்டார் அறையை விட்டு நகர மாட்டார். இருபது வருட அனுபவக்காரர் அங்கே உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். குழி வேலை முழுக்க என் தலையில். எரிச்சல்தான், ஆனால் காரணம் தெரிந்தவன் எப்படித் திட்டுவது?

முன்பு அவர் இதற்கு நேர்மாறு. விளம்பரக்காரன் வாயைத் திறந்தால் பொய் என்பது அவர் கட்சி. ஒரே மகள் போனில் கிரெடிட் கார்டு விற்கும் வேலையில் சேர்ந்ததும் வீட்டில் போர். "ஊர ஏமாத்துற சம்பளம் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் நம்பரும் அன்றோடு அணைந்தது.

மூன்று வாரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். எதிரே யாரென்றுகூடக் கேட்காமல், "வேண்டாம், வை" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் என் அக்காவுக்கு ஏதோ உறுத்தி அதே நம்பருக்குப் பேசினாள். எடுத்தவர் பஸ் நிலையத்துக் கடைக்காரர்.

"ஒரு பொண்ணு போன் கேட்டு வாங்கிச்சும்மா. வாயத் தொறக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் வேண்டாம்னு வெச்சுட்டாங்க. அழுதுக்கிட்டே பஸ் ஏறிடுச்சு."

இரண்டு வருடமாகிறது. போலீசில், "மேஜர் பொண்ணு, தானா வரும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் தொல்லை அழைப்புகளுக்கு எதிராகப் புதுச் சட்டம் வந்தது. அதிக போன் வரும் ஆளைத் தேடி டிவிக்காரர்கள் அலைந்தார்கள். காட்டிக் கொடுத்தவன் நான்தான். மகள் படம் ஊர் பூராவும் தெரியுமே என்ற நப்பாசை.

இரண்டு மணி நேரம் எடுத்தார்கள். மகள் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "எந்த நம்பர்லேர்ந்து கூப்பிட்டாலும் அப்பா எடுப்பேன்மா" என்றார் அத்தான். செய்தியாளர் பெண், "கண்டிப்பா போடுவோம் சார்" என்று ஒரு தாளை நீட்டினாள். படம் காட்டச் சம்மதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். நானும் படிக்கவில்லை, மடையன்.

செய்தியில் நாற்பது நொடி வந்தார். பின்னால் கோமாளி இசை. 'அழைப்புகளால் நொந்துபோன மெக்கானிக், இனி இவருக்கு நிம்மதி' என்று எழுத்து ஓடியது. மகளும் இல்லை, மகள் பேச்சும் இல்லை. முடிந்ததும் ஒரு போன் கம்பெனியின் விளம்பரம். அத்தானின் சிம்மும் அவர்களுடையதுதான். செய்தியை வழங்கியதும் அவர்களே.

மறுநாள் அவர் போன் அடிக்கவே இல்லை. அந்தக் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினோம். கவுன்ட்டர் பெண் சிரித்தாள்.

"உங்கள டிவில பாத்தேன் சார். நீங்க சேவ் பண்ண நம்பர் தவிர எதுவும் வராது. நிம்மதியா இருங்க."

"அத எடுத்து விடும்மா. எல்லாரும் கூப்பிடட்டும்."

"டிவிக்காரங்க குடுத்த தாள்ல நீங்க போட்ட கையெழுத்து இதுக்குத்தான் சார். போட்டா தொண்ணூறு நாளைக்கு மாத்த முடியாது. சட்டம் அப்படி."

அவர் கும்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் முன்னால், அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்து எதிர்க் கடையில் போனைக் கடன் கேட்டு, தன் நம்பரையே அழுத்தினார். சட்டைப்பையில் போன் சும்மா கிடந்தது. காதில் வைத்தவர் முகம் செத்துப்போனது. வாங்கிக் கேட்டேன். தேன் சொட்டும் பெண் குரல்: "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் உங்களுடன் பேச விரும்பவில்லை."

"நான் அன்னைக்கு வேண்டாம்னு மட்டுந்தான்டா சொன்னேன்" என்றார் அத்தான். "இவ்ளோ தெளிவா சொல்லல."

என் கையிலிருந்து போனை வாங்கி மறுபடியும் அதே நம்பரை அழுத்தினார்.