இறால் பிழைத்த சேதி

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் என் கணவரைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அவர் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். வெள்ளைக்காரன் வெளியேற வேண்டும் என்று பள்ளிக்கூடச் சுவரில் தாரால் எழுதியிருந்தது. எழுதியது இவர்தான் என்றார்கள். இவரும் இல்லை என்று சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றவர்களிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே என்னிடம் வந்தார். ஏதோ தைரியம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தொட்டியில தண்ணி கொறைஞ்சா ஊத்து. மெதுவா ஊத்து, மண்ணு கலங்கிடப் போவுது" என்றார்.

அவ்வளவுதான். போய்விட்டார். அன்றைக்கு வந்த கோபத்தில் அந்தத் தொட்டியைத் தெருவில் தள்ளி உடைத்திருப்பேன். தனி ஆளால் அதை அசைக்க முடியவில்லை.

இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி பொருத்தி அவரே செய்த தொட்டி அது. ஜன்னலோரம் ஒரு முரட்டு மேஜையின் மேல் இருந்தது. அடியில் வயல் மண், அதன்மேல் கலங்கல் போகும்வரை அலசிய ஆற்று மணல். அதில் வேலம்பாசியும், குட்டையிலிருந்து பிடுங்கி வந்த கொட்டிக்கிழங்கும் நட்டிருந்தார். செடி வேர்பிடித்து, தண்ணீர் கண்ணாடியைப்போல் தெளிந்த பிறகுதான் இறால்களை விட்டார். நெல்லைவிடக் கொஞ்சம் நீளமான, உடம்புக்குள் எல்லாமே தெரிகிற ஏரி இறால். அவற்றை முதல்முதலாகப் பார்த்தபோது, எங்கள் ஊர் சேக்காட்டில் இதைக் கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைப்பார்கள் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதன்முன் உட்கார்ந்துவிடுவார். என்னையும் கூப்பிடுவார். இறால் பாசியைச் சுரண்டித் தின்பதையும், தின்றது கறுப்பு நூலாக முதுகு வழியே போவதையும் காட்டுவார். ஒருநாள் ஒன்று செத்துக் கிடக்கிறது என்று நான் பதறினேன். அது வெறும் தோல் என்றார். சட்டையை உரித்துப் போட்டுவிட்டு இறால் செடிக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பெண் பார்க்க வந்ததோடு சரி, அதற்கு முன்பின் பேசியே இராத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கும்போது, பேசுவதற்கென்று ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்த இறால்கள் இருந்தன.

அவர் போன சில நாட்களில் அப்பா சேக்காட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் வேலையும் போய்விட்டது, தனியாக இங்கே என்ன செய்வாய், கிளம்பு என்றார். தொட்டியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று என் வாயில் வந்துவிட்டது. அப்பா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

கோடை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தது. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த செப்புக் குடத்தில் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மூன்று நாள் தெளியவைத்து, மேல்தண்ணீரை மட்டும் டம்ளர் டம்ளராக ஊற்றினேன். வீட்டில் அதைவிடச் சுத்தமான பாத்திரம் கிடையாது, புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன். அவர் சொன்னபடி ஒரு துளி மண் கலங்கவில்லை.

இறால்கள் சாக ஆரம்பித்தன. கண்ணாடிபோல் இருந்த உடம்பு முதலில் பால்போல் வெளுக்கும். பிறகு வெந்ததுபோல் லேசாகச் சிவக்கும். பக்கவாட்டில் சாய்ந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். பசியோ என்று நாலு சோற்றுப் பருக்கை போட்டேன், தண்ணீர் நாறிப்போயிற்று. நாற்றம் போக, அந்தச் செப்புக் குடத்துத் தண்ணீரையே இன்னும் நிறைய மாற்றி ஊற்றினேன். எதைச் செய்தாலும் முன்பைவிட மோசமாயிற்று. கடைசியில் செடிகள் மட்டும் நின்றன. யாரிடம் போய்க் கேட்பது? ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்த ஒரே மனிதர் வேலூர்ச் சிறையில் இருந்தார்.

மனு கொடுத்து அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடின. மேட்டில் ஏறமுடியாமல் நின்றுவிடும், எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். வழியெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். வாரந்தவறாமல் ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து யார் வந்தார்கள், போனார்கள் என்று விசாரிப்பதை, வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை, எனக்குப் பயமாக இருப்பதை.

கம்பிக்கு அந்தப்பக்கம் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்தில் மீசை நரைத்த ஒரு வார்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வெளியே நடக்கிற எதையும் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஆளின் முன்னால் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எறா எல்லாம் எப்படிக் கீது?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"எல்லாம் செத்துப்போச்சுங்க."

அவர் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். பிறகு, என்ன நிறமாயிற்று, பாசி அழுகியதா, தண்ணீர் நாறியதா என்று வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார். நான் சொல்லச் சொல்ல நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காரணம் பிடிபடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நான் அடுக்கிவைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும், நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இறால் பிடித்துவரச் சொன்னேன். குத்தம்பாக்கத்துக்காரி. வேலையில்லாத நாளில் செம்பரம்பாக்கம் கால்வாயில் கூடைவைத்து மீன் பிடிப்பாள். மண்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னாம்மா, உயிரோட கேட்டியே, துண்றதுக்கா, பாக்கறதுக்கா?" என்றாள். பார்க்கத்தான் என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இறால்களும் வெளுத்துச் செத்தன.

அடுத்த தடவை வேலூர் போனபோது அவர் இன்னும் இளைத்திருந்தார். இத்தனை நாளும் உள்ளே இதையே யோசித்துக்கொண்டிருந்தாராம். சோப்புப் போட்ட கையை விட்டாயா, எண்ணெய்க் கையா, மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன்.

"தண்ணிய எதுல புடிச்சி வெச்சே?"

"செப்புக் குடத்துல. நம்ம கல்யாணக் குடம்."

கண்ணை மூடிக்கொண்டார். "செம்பு ஆவாது. நமக்குத்தான் நல்லது, அதுக்கு வெஷம்" என்றார். உடனே, "உனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லாம வந்துட்டேன்" என்றார். மண்ணிலும் அது இறங்கியிருக்கும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடு, மண்பானைத் தண்ணீரையே ஊற்று, செடி துளிர்க்கிறவரை பொறு என்று மளமளவென்று சொன்னார். நேரமாயிற்று என்று வார்டர் சொல்லவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டார். நான் கிளம்பும்போது அந்த வார்டரும், "மொதல்ல மணலை நல்லா வெந்நியில அலசும்மா" என்றார்.

அந்தக் குத்தம்பாக்கத்துப் பெண்ணும் நானுமாகத் தொட்டியைக் காலி செய்தோம். புது மண் போட்டு, மணலை அலசிப் பரப்பி, செடிகளை நடுவிரலால் குழிதோண்டி நட்டேன். முதலில் தண்ணீர் பால்போல் ஆயிற்று, இலைகள் கூழாகிக் கரைந்தன. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை என்று உட்கார்ந்திருந்தேன். மெல்லத் தெளிந்தது. கொட்டிக்கிழங்கு குருத்து விட்டது. பிறகு விட்ட இறால்கள் பிழைத்தன. ஒரு காலையில் கண்ணாடியில் தூசி ஒட்டியிருக்கிறது என்று துடைக்கப் போனேன். தூசி நகர்ந்தது. எல்லாம் குஞ்சுகள்.

அன்றைக்கே மனு எழுதிப்போட்டேன். பதில் வருவதற்குக்கூடக் காத்திராமல் பஸ் ஏறினேன். சிறை வாசலில், அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். பெல்லாரிப் பக்கம் என்றார் ஒருவர், இன்னொருவர் தெரியாது என்றார். அங்கே போய்ப் பார்க்க முடியாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நரைமீசை வார்டர் பணி முடிந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பினார், பிறகு பக்கத்தில் வந்தார்.

"பொழைச்சுதுங்க. குஞ்சு போட்டிருக்கு" என்றேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

"அப்படியா" என்றார். "எங்க கீறாருன்னு எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா சொல்லி அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். கெட்டவர் இல்லை. கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள், போலீஸ் வந்துபோகிற வீடு என்ற பேர் வேண்டாம் என்று கையைக் கூப்பினார். இறால்களைச் சட்டிகளில் மொண்டு அந்தப் பெண் கால்வாய்க்குக் கொண்டுபோனாள். குஞ்சுகளை முழுசாகப் பிடிக்க முடியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, அப்பா வண்டியோடு வாசலில் நின்றார். மிச்சத் தண்ணீரை முற்றத்தில் சாய்த்தோம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சேக்காட்டுக்குப் போகும் வழியில் வண்டி குலுங்கித் தொட்டியின் ஒரு பக்கத்துக் கண்ணாடி விரிசல் விட்டது.

யுத்தம் முடிவதற்கு முன்பே அவரை விட்டுவிட்டார்கள். ஒரு மத்தியானம் வந்தார். களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தேன். தாடியும் கம்பளியுமாக வந்து நின்றவரை யாரோ என்று நினைத்து, அப்பா வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

சில நாள் கழித்து, தொட்டியைப் பற்றி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இத்தனை காலமும் அதைச் சொல்லவே காத்திருந்தேன். சொன்னால் அந்தப் பழைய சிரிப்பு வந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவர் பொறுமையாகக் கேட்டார். "குஞ்சு நெறைய இருந்திச்சா?" என்றார். எண்ண முடியவில்லை என்றேன். நல்லது என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் குடையவில்லை. சிறைச் சோற்றில் கெட்டுப்போயிருந்த வயிற்றுக்கு வைத்தியர் மருந்து கொடுத்தார். வயிறு சரியாயிற்று. ஆவடிப் பக்கம் ராணுவ லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பார். தாகம் என்பார். மோர் கொண்டுபோய்க் கொடுப்பேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருப்பார். ஈ மொய்க்கும். நானாகப் போய் விரல்களைப் பிரித்து வாங்குகிறவரை அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றாது.