அண்ணன் தோட்டத்தில் நிறுத்திய செம்பு வளையம்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்தால் ஹாம் ரேடியோதான். அதற்கென்று உரிமம் வாங்கி, முகம் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். தெருவில் அவருக்கு ‘ஹலோ’ என்றே பெயர்.

தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்றார் டாக்டர். எடுத்தால் பேச்சு போய்விடும்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி கப்பல்காரர்கிட்ட ஒரு தடவை பேசிடணும்மா” என்றார் அண்ணன். அப்போதே குரல் சருகை மிதித்தது போல் இருந்தது.

கப்பல்காரர் என்பவர் கப்பலில் ரேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலைதோறும் இருவரும் பேசுவார்கள். நேரில் பார்த்ததே கிடையாது. அவர் மனைவியும் இதே நோயில்தான் போய்ச் சேர்ந்தார். “அவர்கிட்ட நோயைப் பத்தி மூச்சு விடமாட்டேன். சும்மா நாலு வார்த்தை, அவ்வளவுதான்” என்றார் அண்ணன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு எலுமிச்சை மரமும் துணிக்கொடியும்தான் அடங்கும். ஆன்டெனாவுக்கு நீளமாகக் கம்பி இழுக்க இடமேது? அண்ணன் செம்புக் குழாயை வளைத்துப் பெரிய வளையமாக்கி, ஜன்னலை ஒட்டி நிறுத்தினார். வளையத்தின் இரு முனைகளும் சேராமல் விட்ட இடத்தில், தகட்டுக்குள் தகடு நுழையும் கண்டென்சர் ஒன்றைப் பொருத்தினார்.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “மச்சான், சர்க்கஸ் வளையம் ரெடி. புலி எப்ப வரும்?” என்றார்.

“புலிக்கு எங்க போறது மாப்பிள்ள? நீங்கதான் தாண்டணும்.”

நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அலைவரிசை பிடிக்கக் கண்டென்சரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். கை அருகே போனாலே அளவு மாறிவிடும். பேசும்போது தொட்டால் சுட்டுவிடும். அதனால் அதன் திருகில் ஒட்டடைக்கோலைக் கட்டி, நான் தள்ளி நின்று திருப்ப ஏற்பாடு. உள்ளே மீட்டரைப் பார்க்கும் அண்ணனுக்குக் கத்திச் சொல்லத் தொண்டை இல்லை. கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் திருப்பு. இரண்டு என்றால் நில்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காலை, சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கோலைப் பிடித்தேன். ஒரு தட்டு. இன்னொன்று. அவசரத்தில் தாண்டிவிட்டேன். மெல்லப் பின்னால் திருப்பினேன். சட்டென்று இரண்டு தட்டு. உள்ளே ஓடினேன்.

“அணுவளவும் பிசகல” என்று மீட்டர் முள்ளைக் காட்டினார்.

கப்பல்காரரின் குரல் கணீரென்று வந்தது. அண்ணன் ரேடியோவில் தன் பெயராக இருக்கும் அழைப்பெழுத்துகளைச் சொன்னார்.

“யாருங்க அது? ஒண்ணும் புரியல.”

அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார். அப்புறம் மறுபடியும்.

“அட, நீங்களா! குரல் கிழிஞ்சு கிழிஞ்சு வருதே. புது ஆன்டெனாவா? வீட்டை ஒட்டி வச்சிருப்பீங்க. அது விடுற அலை மைக்குக்குள்ளயே பாயுது. தள்ளி வைங்க சார், நாளைக்குப் பேசலாம்.”

அண்ணன் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆமா சார். ஆன்டெனாதான். சரி பண்ணிடறேன்.”

“ஏண்ணே, போயிட்டு வரேன்னாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எங்க போறீங்கன்னு கேப்பாருல்ல?”

கடவுள் உயிரைக் கொடுத்தார். அதற்குக் குறை சொல்லமாட்டேன். அண்ணன் வீடு திரும்பிவிட்டார். கழுத்தில் இருக்கும் துளை வழியாக மூச்சு விடுகிறார். ரேடியோவில் புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் கருவியும் அவரிடம் உண்டு. “அதுலயாவது தட்டுங்களேன்” என்றேன். செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார்: ‘ஏன் பேசலன்னு கேப்பார்.’

காலையில் நான் கோலைத் திருப்புகிறேன். கப்பல்காரர் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு மற்றவர்களிடம், “அவரு ஆன்டெனா இன்னும் சரியாகல போல. பாவம், தோட்டம் ரொம்பச் சின்னதாம்” என்கிறார்.

அண்ணன் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்கிறார்.